ஒரு தேக்சா கூடினால் இருபதாயிரம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்தில் ஒரே குட்டி யானை (டாடா ஏஸ் சரக்கு வண்டி) காலையில் ஷெட்டுக்குத் தோல் இறக்கும், மதியம் வீடு மாற்றுகிறவர்களின் பீரோவை ஏற்றும், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி தேக்சாக்களோடு கல்யாண மண்டபத்துக்குப் போகும். வண்டி பிடிக்கும்போது வாடகை பேசுகிறோம், நேரம் பேசுகிறோம். எடையைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. அது டிரைவர் பாடு என்று நினைப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவோ ஓட்டுகிறவரோடு, ஓட்ட வைப்பவரையும் ஓட்ட விடுபவரையும் சேர்த்தே பிடிக்கிறது.

1. ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் இரண்டு எடை இருக்கும்: வண்டியின் வெற்று எடை, ஆளும் சரக்கும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. பெரியதில் சின்னதைக் கழித்தால் ஏற்றக்கூடிய அளவு வந்துவிடும். டாடா ஏஸ் மாடல்கள் பலவற்றுக்கு அது முக்கால் டன் அளவில்தான். பெரிய பிக்கப்புகளுக்கு ஒரு டன்னைத் தாண்டும். “போன வாரம் இதைவிட அதிகமா ஏத்தினோம்ணே” என்று டிரைவர் சொன்னால் அது வண்டியின் பொறுமைக்குச் சான்று, அவ்வளவுதான்.

2. வீட்டுச் சாமான்களுக்கு ஒரு மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. தண்ணீர் கேன் ஒன்றுக்கு 20 கிலோ. 200 லிட்டர் டிரம்மைத் தண்ணீரோடு ஏற்றினால் அதுவே 200 கிலோவுக்கு மேல். இரும்பு பீரோ காலியாக இருந்தாலும் ஓர் ஆள் எடைக்குக் குறையாது. அதற்குள் புடவைகளையும் பாத்திரங்களையும் அப்படியே வைத்துப் பூட்டி ஏற்றுவது நம் வழக்கம். 20 கிலோ அரிசி போட்ட பிரியாணி தேக்சா, கறி, தண்ணீர், எண்ணெய், தக்காளி, வெங்காயம், பாத்திரம் எல்லாம் சேர்ந்து நூறு கிலோவைத் தொடும். ஆறு தேக்சா, கூடவே தாளிச்சா, கத்திரிக்காய் பச்சடி, தண்ணீர் கேன்கள், பரிமாற நாலு பேர் என்றால் குட்டி யானையின் கணக்கு அங்கேயே முடிந்தது.

தோல்காரர்களுக்கு இது புதிதல்ல. உப்புப் போட்ட பச்சைத் தோலும், குரோம் ஏறிய வெட் ப்ளூவும் தண்ணீரையும் சேர்த்தே சுமக்கின்றன. வெட் ப்ளூவில் பாதிக்கு மேல் ஈரம்தான். முடித்த தோல் அதே இடத்தை அடைத்துக்கொண்டாலும் எவ்வளவோ லேசு. ஆகவே கட்டுகளை எண்ணி எடை சொல்லாதீர்கள். தோல் தொழிற்சாலை இருக்கும் ஊரில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. காலி வண்டியை ஒருமுறை, ஏற்றியபின் ஒருமுறை போட்டு, இரண்டு சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

3. அபராதம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, அனுமதித்த எடையைத் தாண்டினால் 20,000 ரூபாய். அதற்கு மேல், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. “கொஞ்சம்தானே கூடுது” என்ற சமாதானத்துக்கு அடிப்படைத் தொகையில் தள்ளுபடி கிடையாது. இரண்டாவது நடைக்கு ஆகும் வாடகையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே நடையில் எல்லாவற்றையும் அமுக்குவது சிக்கனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

4. பணம் கட்டினால் போக விடுவார்கள் என்று எண்ணாதீர்கள். கூடுதல் பாரத்தை இறக்கும்வரை வண்டி நகரக்கூடாது. இறக்குகூலியும் நம் தலையில். முன்பு சில மாநிலங்கள் தொகையை வாங்கிக்கொண்டு அதே பாரத்தோடு அனுப்பிவந்தன. 2005-இல் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது சட்டத்துக்கு ஒவ்வாது என்று சொல்லிவிட்டது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடிப் பக்கம், மே மாத வேலூர் வெயிலில், பீரோவையும் கட்டிலையும் சாலையோரம் இறக்கிவைத்துவிட்டு இன்னொரு வண்டிக்குக் காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அபராதத்தைவிட அதுதான் மானத்தை வாங்கும்.

5. சோதனைக்கு நிறுத்தச் சொன்னால் டிரைவரை நிறுத்தச் சொல்லுங்கள். எடை போட மறுத்தாலோ, எடை போடுவதற்கு முன் சரக்கை இறக்கி ஒளித்தாலோ அபராதம் இரட்டிப்பாகி 40,000 ஆகும்.

6. சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும்தான் வாசிப்பேன் என்பவர்கள் இதை வாசியுங்கள். 2022 ஏப்ரலில், திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், செம்பறை கோயிலுக்குச் சரக்கு வேனில் போனவர்கள் பள்ளத்தில் கவிழ்ந்ததில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். கோயில், காதுகுத்து, நிச்சயதார்த்தம் என்று நம் ஊரில் இது இன்னும் நடக்கிறது. 60 கிலோ வீதம் பதினான்கு பேர் ஏறினாலே 840 கிலோ. ஏஸின் சரக்கு எடையைத் தாண்டிவிட்டது. இதில் சரக்கு அசையாமல் கிடக்கும், ஆள் அப்படி இல்லை. வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள்.

சட்டச் சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்பவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ கூட வரலாம். 1994 திருத்தம் அவரைக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. அவரும் கேபினில் உட்கார வேண்டும். மற்றவர்களுக்கான நஷ்டஈடு கடைசியில் வண்டி உரிமையாளரின் வீட்டையும் நிலத்தையும் தேடி வரக்கூடும். அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக வழக்கானால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. சொந்தக்காரப் பையனின் வண்டிதானே என்று உரிமையோடு ஏறிக்கொள்கிறோம். அவனுக்கு நாம் வைக்கும் செலவு இது.

7. டிரைவரின் பிழைப்பும் இதில் இருக்கிறது. அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல் இரண்டுக்கும் குறைந்தது மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இலேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. “இதையும் ஓரமா வைங்கண்ணே” என்று கெஞ்சும் நமக்கு மூன்று மாதம் என்பது ஒன்றுமில்லை, அவரோ தவணை கட்டியாக வேண்டும்.

8. பயணிகள் வேனில் கூடுதல் ஆளுக்குத் தலைக்கு 200 ரூபாய். தொகை சின்னதாகத் தெரியும். ஆனால் கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்கள் போக வேறு வண்டி ஏற்பாடு செய்தபிறகுதான் வேன் நகரலாம். ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிச்செல்லும் வேன்கள், ஷேர் ஆட்டோக்களுக்கும் இதே சட்டம்தான்.

9. கட்டில் கால், பந்தல் மூங்கில், ஏணி எதுவும் வண்டிக்கு வெளியே நீட்டக்கூடாது. எடை குறைவாக இருந்தாலும், பக்கவாட்டிலோ முன்பின்னோ உயரத்திலோ வரம்பு மீறினால் தனியாக 20,000. சிவப்புத் துணி கட்டிவிட்டால் சரி என்பது நாமாகச் செய்துகொண்ட சட்டம்.

10. உரிமம் பற்றி ஒரு நல்ல செய்தி. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை, இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் தனி ஒப்புதல் இல்லாமலே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. தம்பி கார் உரிமத்தில் குட்டி யானை ஓட்டினால் அது மட்டும் குற்றமாகாது.

11. ஏலகிரிக்குப் போகிறீர்களா? பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்தான். ஆனாலும் அந்த வளைவுகள் தாராளமானவை அல்ல. பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் டயர் காற்றைப் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர், கூடுதல் பாரம், கொதிக்கும் சாலை மூன்றும் ஒன்றுசேர்ந்தால் வெடிக்கத்தான் செய்யும்.

12. நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால், ஆட்களை இறக்கி இடப்பக்கத் தடுப்புக்கு அப்பால் அனுப்புங்கள், நடுத்திட்டில் உட்காரவிடாதீர்கள். 2023 செப்டம்பரில் நாட்றம்பள்ளி அருகே, சுற்றுலா முடித்துத் திரும்பிய ஆம்பூர் பக்கத்துக் கிராமத்தவரின் வேன் பழுதாகி நின்றபோது, பின்னால் வந்த லாரி மோதி, இறங்கி உட்கார்ந்திருந்த 7 பெண்கள் இறந்தார்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தால் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும்தான். ஆளையும் சரக்கையும் இறக்கிவிட்டு இழுங்கள்.

13. பழைய வேனை வாங்கிப் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து ஊர் சுற்றும் ஆசை இப்போது இளைஞர்களிடம் இருக்கிறது. ஆசைப்படலாம், ஆனால் ஆர்.டி.ஓ.வைத் தாண்டிப் போகாதீர்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி எதையும் மாற்றக்கூடாது என்பது 52-ஆம் பிரிவு. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. நூறு லிட்டர் தொட்டி, இன்வெர்ட்டர் பேட்டரி, சிலிண்டர், ப்ளைவுட் கட்டில் எல்லாம் ஏறியபிறகு, ஆள் ஏறுவதற்கு எவ்வளவு எடை மிச்சம் என்பதை எடை மேடையில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

14. பிரிட்டனில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்குக் கேரவன் எடுத்தால் அங்கும் இதே பாடம். சாதாரண கார் உரிமத்துக்கு வண்டியின் அனுமதித்த மொத்த எடை 3,500 கிலோதான். இழுத்துச் செல்லும் வண்டியை 3,500 கிலோ வரை இணைக்கலாம் என்று 2021 டிசம்பர் 16 முதல் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் காருக்குத் தயாரிப்பாளர் விதித்த இழுவை வரம்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

15. கடைசியாக, சட்டத்தில் இல்லாத ஒரு குறிப்பு. நேற்றுப் பச்சைத் தோல் ஏற்றிய வண்டியா என்று கேளுங்கள். ஆமென்றால் தளத்தைக் கழுவச் சொல்லி, தார்ப்பாய் விரித்தபிறகு மெத்தையை ஏற்றுங்கள். உப்புத் தண்ணீரும் அந்த வாடையும் பஞ்சுக்குள் ஏறிவிட்டால் எத்தனை வெயிலில் போட்டாலும் போகாது.