நார்வே மொழியின் கூட்டுச்சொற்கள்: எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

ஆஸ்லோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு நாள் மாலை தனியாக வெளியே போய் வழி தவறிவிட்டேன். மத்திய ரயில் நிலையத்தின் முன்னுள்ள சதுக்கத்தை அடைந்துவிட்டால் வீடு போய்ச் சேரலாம். அதன் பெயரை எழுத்துக் கூட்டி, கடைசிப் பகுதியை அழுத்தி, 'ஜெர்ன்பேன்டார்கெட்' என்று இருவரிடம் கேட்டேன். இருவருக்கும் புரியவில்லை. சட்டைப்பையிலிருந்த துண்டுச்சீட்டைக் காட்டிய பிறகே வழி கிடைத்தது. அப்பெயருக்குப் பொருள் 'ரயில்பாதைச் சதுக்கம்'. ஆயுள் முழுதும் ரயில்வேயில் உழைத்தவனுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை!

அன்றிரவு பேத்தி எனக்கு ஆசிரியை ஆனாள். அவளிடம் கற்றதை இங்கே தருகிறேன்.

1. கூட்டுச்சொல்லை இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுத வேண்டும். 'யேண்' இரும்பு, 'பானெ' பாதை; சேர்ந்தால் 'யேண்பானெ', அதாவது ரயில்பாதை. எழுத்தில் ர், ன் என இரண்டு இருந்தாலும், ஆஸ்லோக்காரர் வாயில் அது நம் 'ண்'தான். சதுக்கம் 'தொர்கெ'; எழுத்திலுள்ள கடைசி 'ட்' ஒலிப்பதில்லை.

2. முதன்மை அழுத்தம் முதற்சொல்லுக்கே. நிலையத்தைக் குறிக்கும் 'ஸ்தஷூன்' தனியே வந்தால் 'ஷூன்' அழுத்தம் பெறும். 'யேண்பானெஸ்தஷூன்' என்றால் அது 'யேண்' மேல் போய்விடும். ஆனால் எப்போதும் முதல் அசைதான் என்று எண்ணக் கூடாது. 'சென்த்ரால்' என்பதில் அழுத்தம் 'த்ரால்' மேல். 'சென்த்ரால்ஸ்தஷூன்' என்னும்போதும் அங்கேயே நிற்கும்.

3. வரி முடிவில் சொல்லை உடைக்க நேர்ந்தால் இணைப்பிலேயே உடைப்பது நல்லது. 'புஸ்', 'ஸ்தொப்' சேர்ந்தால் பஸ் நிறுத்தம். இணைப்பில் மூன்று 'ஸ்' வர வேண்டும், இரண்டே எழுதுவார்கள். வரி முடிவில் பிரித்தால் மூன்றாவது திரும்ப வந்துவிடும்.

4. பிரித்தால் பொருளே மாறலாம். 'லம்மெலோர்' என்று முன்பகுதியை அழுத்தி ஒரே சொல்லாகச் சொன்னால் ஆட்டுக்குட்டியின் தொடைக்கறி. இரு சொல்லாக்கி இரண்டையும் அழுத்தினால் 'முடங்கிப்போன தொடைகள்'! நம் 'தந்தப் பலகை', 'தந்த பலகை' நினைவுக்கு வருகின்றன. நாம் ஒற்றெழுத்தால் காட்டும் வேறுபாட்டை அவர்கள் அழுத்தத்தால் காட்டுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ரயில் பாஷையில் சொன்னால், முதற்சொல் எஞ்சின், அழுத்தம் அங்கே. கடைசிச் சொல் கார்டு வண்டி. அது என்ன பொருள், எந்தப் பால் என்பதைச் சொல்வது அதுவே.

மறுவாரம் மீண்டும் தனியே போனேன். 'யேண்' என்பதை அழுத்திக் கேட்டேன். கேட்டவர் உடனே கை காட்டினார். பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகும் பெரியவர்கள் நூறு சொற்களை மனப்பாடம் செய்வதற்கு முன் இந்த ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டால் போதும். சந்தேகம் வந்தால் பேரக்குழந்தைகளைக் கேளுங்கள்; சொல்லித் தருவதில் அவர்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பதையும் காண்பீர்கள்.