ஒரு வருஷ ஹோட்டல் செலவு: நான் தப்பான இடத்துல கை வச்ச கதை

எங்க தூத்துக்குடியில "நைட் கிளப்"னா ராத்திரி பரோட்டா கடை. வெளியூர்க்காரங்க பயந்துடாதீங்க. அம்மா தவறினதுக்கு அப்புறம், சனிக்கிழமை ராத்திரி அப்பாவை அங்க கூட்டிட்டுப் போறது என் வழக்கம். ரெண்டு பேருக்கும் சேர்த்து சுமார் 350 ரூபாய்.

ஜனவரியில செலவைக் குறைக்கணும்னு முடிவு பண்ணி, முதல்ல நிறுத்தினது அதைத்தான். மூணாவது வாரம் அப்பா கேட்டாங்க: "ஏல, அந்தக் கடைய அடைச்சிட்டானுவளா?" வேலை இருக்குன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

மார்ச் முடிஞ்சதும் என்னோட யுபிஐ, கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து, கிளையன்ட் கணக்கு மாதிரியே 12 மாசத்தையும் தலைப்பு வாரியா பிரிச்சேன். வெளிச் சாப்பாட்டுக்கு மாசம் 3,000 ஆகும்னு நினைச்சிருந்தேன். வந்தது 7,500-க்கு மேல! சராசரிக் கணக்கு இதோ:

- ஆப்ல ஆர்டர்: 130 × 320 = ரூ.41,600
- குடும்பத்தோட ஹோட்டல்: 14 × 1,500 = ரூ.21,000
- டீ, வடை: 250 நாள் × 60 = ரூ.15,000
- அப்பாவோட பரோட்டா: 36 × 350 = ரூ.12,600
- மொத்தம்: ரூ.90,200

நான் நிறுத்தினது வெறும் 14 சதவீதத்தை. 46 சதவீதம் போன இடத்தைத் தொடவே இல்லை.

இதுல நான் கத்துக்கிட்ட மூணு விஷயம்:

1. பிரிச்சுப் பார்த்துட்டு வெட்டுங்க. 130 ஆர்டர்ல 78 ஆர்டர் ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கும். செப்டம்பர் 30 வரித் தணிக்கை கெடுவுக்காக ஆபீஸ்லயே உட்கார்ந்திருந்த நாட்கள். அது ருசிக்காகச் செஞ்ச செலவு இல்லை, அசதிக்குச் செஞ்ச செலவு. வீட்டுல இருந்து டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போனாலே பாதி குறைஞ்சிருக்கும்.

2. சாப்பாட்டு விலை வேற, வந்து சேர்ற விலை வேற. கடையில 220 ரூபாய்க்குக் கிடைக்கிறது, பேக்கிங், டெலிவரி எல்லாம் சேர்ந்து எனக்கு 320 ஆச்சு. 130 × 100 = 13,000. அதாவது, அந்தக் கூடுதல் கட்டணம் மட்டுமே அப்பாவோட பரோட்டா செலவை விட அதிகம்!

3. பில்லையும் சீசனையும் பாருங்க. சாதாரண ஹோட்டல்ல ஜிஎஸ்டி 5 சதவீதம். காம்போசிஷன் திட்டத்துல இருக்கிற கடை உங்ககிட்ட தனியா ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை, வேண்டாம்னு சொல்லலாம். அதே மாதிரி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாததால மீன், இறால் விலை ஏறும். கடல் உணவு விருந்தை அதுக்கப்புறம் வச்சுக்கோங்க.

இப்போ ஆப்ல வாரத்துக்கு ஒரே ஒரு ஆர்டர்தான். ஏப்ரல் முதல் சனிக்கிழமையே அப்பாவை மறுபடியும் கூட்டிட்டுப் போனேன். இலையில சால்னா ஊத்தினதும், "கடை திறந்துதான்ல இருக்கு"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்லை.

நீங்களும் இந்த வாரம் உங்க ஸ்டேட்மென்ட்டைப் பிரிச்சுப் பாருங்க. எதை வெட்டுறதுன்னு அப்புறமா முடிவு பண்ணலாம். எக்செல் ஷீட் போடுறது எப்படின்னு அடுத்த வீடியோவில காட்டுறேன்.