இல்லத்தில் ஒரு சிறு கடல்

வெப்பநாட்டுக் கடல்களின் அடியில் வண்ணச் சோலையென விளங்குவன பவளத்திட்டுகள். அவற்றை ஆக்குவன செடிகளல்ல. பவளப் பூச்சிகள் எனப்படும் சிற்றுயிர்களே. இவை கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தமக்குக் கல்வீடு அமைக்கின்றன. இவற்றின் உடலில் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, கதிரொளியால் உணவு சமைத்துத் தமக்கு இடம் தந்த பூச்சிகட்கும் பகிர்ந்தளிக்கின்றன. இவ்வழகினைத் தம் இல்லத்திலேயே கண்டு மகிழ விழைந்தோர் பலர். அவருள் வெற்றி பெற்றவர் பொறுமையுடையோரே ஆவர்.

1846ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் ஆங்கில மாது, டார்க்கீ என்னும் கடற்கரை ஊரிலிருந்து கற்பவளங்கள் சிலவற்றை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். இலண்டனோ கடலுக்குத் தொலைவிலுள்ள நகரம். நாள்தோறும் புதிய கடல்நீர் பெறுதல் இயலாது. ஆதலின், இருந்த நீரையே திறந்த சாளரத்தின் அருகே கலத்திற்குக் கலம் மாற்றி ஊற்றச் செய்து, அதில் காற்றுக் கலக்குமாறு செய்தார். மறு ஆண்டில் கடற்பாசிகளையும் நீரில் இட்டார். பகலொளியில் அவை உயிர்வளியை வெளிவிட்டன. பவளங்கள் உயிர் வாழ்ந்தன. பின்னர், 1961ஆம் ஆண்டில், இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரினரான லீ சின் எங் என்பார் தம் முறையினை உலகிற்கு எடுத்துரைத்தார். உயிர்கள் செறிந்த கடற்கற்களைத் தொட்டியில் இட்டுக் காற்றுக்குமிழிகளைச் செலுத்துவதே அம்முறை. கல்லில் வாழும் நுண்ணுயிர்களே நீரைத் தூய்மை செய்தன.

அந்நுண்ணுயிர்களின் தொண்டு யாது? மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொரு வகையின அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இவை கல்லின் துளைகளிலும் மணலிலும் பெருகிட நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். அதுவரை தொட்டியில் வெறும் கல்லும் நீருமே தோன்றும். காத்திருக்க மனமில்லாதவர் முதல் நாளிலேயே மீன்கள் பலவற்றை வாங்கி விடுவர். சில நாட்களில் அவை இறந்து மிதக்கக் கண்டு வருந்துவர். மீன்களைக் கொன்றது நோயன்று, அவசரமே.

நீரின் இயல்பும் மாறாது காக்கப்படல் வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. தூய நீரில் அதற்கென அமைந்த உப்புக் கலவையை அவ்வளவே கரைத்தல் வேண்டும். வெப்பநிலை 25 அல்லது 26 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்றல் நன்று. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆதலின், குறைந்த அளவிற்கு நன்னீரையே ஊற்றுதல் வேண்டும். உப்புநீரை ஊற்றின் உவர்ப்பு மிகும்.

உயிர்களைக் குடியேற்றுவதிலும் முறை உண்டு. பாசியை மேயும் நத்தைகளும் துறவி நண்டுகளும் முதலில் வருதல் வேண்டும். பின்னர்ச் சிறு மீன்கள் ஒன்றிரண்டு. சில வாரங்கள் கழித்து வேறு சில. மென்பவளங்கள் அதன்பின் இடம்பெறும். நீரின் சுண்ணாம்புச் சத்து நிலைபெற்ற பின்னரே கற்பவளங்களை வைத்தல் தகும்.

நம் நாட்டினர் ஒன்றை மறத்தலாகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளத்திட்டுகள் உள்ளன. முற்காலத்தில் சுண்ணாம்பிற்காக அவை வெட்டி எடுக்கப்பட்டன. 1986ஆம் ஆண்டில் அப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. அவற்றைக் கடலினின்று எடுத்தல் குற்றமாகும். ஆதலின், இங்குத் தொட்டி அமைப்போர் செயற்கைக் கற்களையும் பண்ணையில் வளர்ந்த மீன்களையுமே நாடுதல் வேண்டும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்துள்ளனர்.

கடலை வறிதாக்கித் தொட்டியை அழகு செய்தல் அறிவுடைமை ஆகாது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தம் பணியை முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமையும், கடலுக்குரியதைக் கடலிலேயே விட்டுவைக்கும் அருளும் உடையவர் இல்லத்திலேயே சிறு கடல் செழிக்கும்.