வயர் இல்லாத தொடர்பு: எது எவ்வளவு தூரம் எட்டும்?



போன மாதம் ஒரு அக்கா கொழுந்து நிறுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். கையில் போன். "சேர், ஒரு மாசத்துக்குன்னு டேட்டா கார்ட் போட்டேன். எட்டு நாளில முடிஞ்சிருச்சு. மலையில நின்னு எடுத்த காசு சேர் அது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?" என்று கேட்டார். அவருடைய மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. அந்தப் போனில்தான் டியூஷன் நடக்கிறது.

விசாரித்துப் பார்த்தால் கடைக்காரர் மேல் ஒரு பிழையும் இல்லை. சின்ன மகன் அக்காவின் போனில் ஹொட்ஸ்பொட்டைத் திறந்து வைத்து, தன்னுடைய போனில் படம் படமாகப் பார்த்திருக்கிறான். கேட்டதற்கு, "நான் டேட்டா பாவிக்கல சேர், வைபைதான் போட்டேன்" என்றான். பையன் பொய் சொல்லவில்லை. வைபை வேறு, டேட்டா வேறு என்று நினைத்துவிட்டான். நம்மில் பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆகவே இந்த மாதப் பாடம் வயர் இல்லாத தொடர்புகளைப் பற்றியது.

அடிப்படை ஒன்றுதான்

ரேடியோ, போன், வைபை, புளூடூத் எல்லாமே ரேடியோ அலையில்தான் வேலை செய்கின்றன. அந்த அலை கண்ணுக்குத் தெரியாது. கங்காணி மலையில் நின்று சத்தம் போட்டால் பக்கத்து நிரைக்குக் கேட்கும், அடுத்த மலைக்குக் கேட்காது. அலையும் அப்படித்தான். பலமான அலை தூரம் போகும், பலம் குறைந்தது கிட்டவே நின்றுவிடும். மலை, கல்சுவர், தகரம் குறுக்கே வந்தால் இன்னும் குறைந்துபோகும்.

எந்தத் தொடர்பாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கேயிருந்து வருகிறது? எவ்வளவு தூரம் எட்டும்? காசு யார் கட்டுகிறார்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

1. புளூடூத்: ஒரு காம்பரா தூரம்

இது இரண்டு கருவிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் முறை. சாதாரணமாகப் பத்து மீற்றர் வரை எட்டும். காதில் மாட்டும் கருவி, பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர், ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் படம் அனுப்புவது எல்லாம் இதில் நடக்கும். இதற்கு டேட்டா தேவையில்லை, காசும் இல்லை. கல்யாண வீட்டுப் போட்டோவைப் பக்கத்தில் இருப்பவருக்கு அனுப்ப டேட்டாவைச் செலவழிக்காதீர்கள், புளூடூத்தில் அனுப்புங்கள்.

சில தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் மின்தராசும் இப்போது இப்படித்தான் வேலை செய்கிறது. தராசு காட்டும் நிறை புளூடூத் வழியாகப் பக்கத்தில் உள்ள போனுக்கோ சின்ன மெசினுக்கோ போகும். அங்கிருந்து போன் டவர் வழியாக ஒபிசுக்குப் போகும். மலையில் கவரேஜ் இல்லாவிட்டால் நிறை அந்த மெசினிலேயே இருந்து, கவரேஜ் வந்த பிறகு போய்ச் சேரும். ஆகவே ஒபிசில் உடனே கணக்கு ஏறவில்லை என்றால் நிறை தொலைந்துவிட்டது என்று பதறவேண்டாம். ஆனால் தராசில் கண்ட நிறையை நீங்களும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். மெசின் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், நம் கணக்கு நம்மிடம் இருக்கவேண்டும்.

2. வைபை: ஒரு வீட்டுத் தூரம்

வைபை என்பது ஒரு பெட்டியிலிருந்து வருவது. அதை ரவுட்டர் என்பார்கள். வீட்டுக்குள் முப்பது, நாற்பது மீற்றர் அளவில் எட்டும். நம் லயத்துக் கல்சுவரைத் தாண்டினால் அதுவும் குறைந்துபோகும்.

இங்கேதான் அந்தப் பையன் தவறவிட்டான். வைபை என்பது கடைசி முப்பது மீற்றர் மட்டும்தான். நம் தோட்டத்துப் பீலித் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் பீலிக்குள் உற்பத்தியாவதில்லை, மலையிலிருந்து பைப்பில் வருகிறது. அதுபோல ரவுட்டருக்கும் இன்டர்நெட் வேறொரு வழியாக வருகிறது. ஒபிசில் அது டெலிபோன் லைனாக இருக்கலாம். ஹொட்ஸ்பொட்டில் அது உங்கள் சிம்மின் டேட்டா. அக்காவின் போன் பைப், தம்பியின் போன் வாளி. வாளி நிறைய நிறையத் தாங்கி காலி. எந்த வைபையாக இருந்தாலும் எங்கேயோ ஒருவர் அதற்குக் காசு கட்டுகிறார்.

செய்யவேண்டியது: ஹொட்ஸ்பொட்டுக்குக் கட்டாயம் பாஸ்வேர்ட் போடுங்கள். வேலை முடிந்ததும் நிறுத்துங்கள். படம் பார்ப்பதுதான் டேட்டாவை மிக வேகமாகத் தின்னும். எழுத்தும் குரல் செய்தியும் கொஞ்சமாகத்தான் எடுக்கும். டவுனில் கடையிலோ பஸ் ஸ்டாண்டிலோ பாஸ்வேர்ட் இல்லாத வைபை கிடைத்தால் அதில் செய்தி பார்க்கலாம், பேங்க் வேலை மட்டும் செய்யாதீர்கள்.

3. போன் டவர்: சில கிலோமீற்றர் தூரம்

நம் கைப்போன் பேசுவது மலை உச்சியில் நிற்கும் டவரோடு. ஒரு டவர் தன்னைச் சுற்றி ஒரு பகுதியை மட்டும் கவனிக்கும். அந்தப் பகுதிக்குத்தான் ஆங்கிலத்தில் செல் என்று பெயர், அதனால்தான் செல்போன். நாம் பஸ்ஸில் போகும்போது ஒரு டவர் நம்மை அடுத்த டவரிடம் ஒப்படைத்துக்கொண்டே வரும்.

சமதரையில் டவர் அலை பல கிலோமீற்றர் போகும். நம் மலைநாட்டில் மலை மறைக்கும். மேல் டிவிஷனில் நன்றாக எடுக்கும், பள்ளத்து லயத்தில் ஒன்றும் எடுக்காது. 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் பூட்டியிருந்தபோது, பிள்ளைகள் கொப்பியும் போனுமாக மலையேறிப் போய்ப் படித்ததை நாம் மறக்கவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். சில நேரம் போனில் ஒரு கோடு காட்டும், ஆனால் கோல் போகாது. டவரின் குரல் பெரியது, அது நமக்குக் கேட்கிறது. போனின் குரல் சின்னது, அது டவருக்கு எட்டவில்லை. கவரேஜ் குறைந்த இடத்தில் போன் தன் முழுப் பலத்தையும் போட்டுக் கத்துவதால் பற்றரியும் சீக்கிரம் இறங்கும்.

4. சட்டலைட்: வானத்திலிருந்து

லயத்துக் கூரையில் உள்ள டிஷ், பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள சட்டலைட்டைப் பார்த்து நிற்கிறது. அதுதான் பெருமழை நேரம் படம் உடைகிறது. போனில் இடம் காட்டும் ஜிபிஎஸ் கூட சட்டலைட் வேலைதான். இடத்தை அறிய மட்டும் டேட்டா தேவையில்லை, அந்த இடத்தின் வரைபடத்தை இறக்கத்தான் டேட்டா வேண்டும். 2025 இலிருந்து இலங்கையில் சட்டலைட் வழி இன்டர்நெட்டும் கிடைக்கிறது. டவர் எட்டாத இடத்துக்கு அது உதவும், ஆனால் நம் வருமானத்துக்கு இன்னும் எட்டாத விலை.

ஒரு ராத்திரி நடந்தது

இதையெல்லாம் ஏன் தெரிந்துகொள்ளவேண்டும்? டேட்டாக் காசை மிச்சம் பிடிக்க மட்டுமல்ல. சில வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி, பள்ளத்து லயத்தில் ஒரு தங்கச்சிக்குப் பிரசவ வலி. புருஷன் தகரக் கூரைக்குக் கீழே, காம்பராவுக்குள் நின்றுகொண்டு 1990 அம்பியுலன்சுக்குத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். கோல் போகவில்லை. கால் மணித்தியாலம் போன பிறகு பக்கத்துக் காம்பரா பாட்டிதான், "ஏன்டா இங்கேயே நின்னுக்கிட்டு இருக்க, கோயில் மேட்டுக்கு ஓடுடா, அங்கதான் பிள்ளைங்க எல்லாம் போன் பேசும்" என்று விரட்டினார். மேட்டில் முதல் தடவையே கோல் போனது. தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அந்தக் கால் மணித்தியாலம் பெரிய விலையாகியிருக்கலாம். டவரைப் பற்றிப் படிக்காத பாட்டிக்கு, கவரேஜ் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. அதுதான் அன்றைக்கு உதவியது.

மழைக்காலத்துக்கு

டவரும் கரண்டில்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் பற்றரியில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு நின்றுவிடும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது மலைநாட்டில் பல இடங்களில் ரோடும் இல்லை, கரண்டும் இல்லை, போனும் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் பற்றரியில் ஓடும் பழைய ரேடியோதான் கைகொடுக்கும். ரேடியோ நிலையம் தூரத்தில் இருந்தாலும் அதன் அலை பலமானது, கேட்பதற்குக் காசும் இல்லை. வீட்டில் உள்ள ரேடியோவைப் பழசு என்று தூக்கிப் போடாதீர்கள்.

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று கட்டமாகக் கொடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். மேலே மண் வெடிப்பதையோ ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவதையோ கண்டால் எந்தச் செய்திக்கும் காத்திருக்காமல் வெளியேறுங்கள்.

நினைவில் வைப்போம்

• கோல் போகாத இடத்தில் நின்று திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். வெளியே வாருங்கள், மேட்டுக்குப் போங்கள்.
• கோல் போகாத இடத்திலும் சின்ன எஸ்எம்எஸ் சில நேரம் போய்ச் சேரும். அனுப்பிப் பாருங்கள்.
• மழை பலத்தால் போனை முழுதாகச் சார்ஜ் செய்து, தேவையில்லாமல் பாவிக்காமல் வையுங்கள்.
• அம்பியுலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இந்த இலக்கங்களைக் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இந்த மாத வீட்டு வேலை

ஒவ்வொரு லயத்துப் பிள்ளைகளும் சேர்ந்து, தங்கள் லயத்துக்கு மிகக் கிட்ட எந்த இடத்தில் கோல் நன்றாகப் போகிறது என்று பார்த்து வையுங்கள். ஒரே சிம்மில் பார்க்காமல் எல்லாக் கம்பனி சிம்மிலும் பாருங்கள், ஏனென்றால் ஒவ்வொரு கம்பனி டவரும் வேறு வேறு இடத்தில் நிற்கலாம். பகலில் ஒரு தடவை, ராத்திரி டோர்ச்சோடு பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது, எந்தப் படியில் வழுக்கும் என்று எழுதுங்கள். அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து தந்தால், எல்லா லயத்தினதும் சேர்த்து ஒரு படமாக வரைந்து பிள்ளைக்காம்பராவிலும் டிஸ்பென்சரியிலும் ஒட்டி வைப்போம்.

அந்த அக்காவின் மகள் இப்போது ஹொட்ஸ்பொட்டுக்குப் பாஸ்வேர்ட் போட்டுவிட்டாள். தம்பியிடம் அதைச் சொல்லவில்லையாம். பரீட்சை முடிந்த பிறகு சொல்வதாக இருக்கிறாள்.