மேலட்டையில் ஒரு புயல்

சுவாமிமலையில் வெண்கலச் சிலைகள் வார்க்கப்படுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். சிற்பி முதலில் மெழுகில் உருவம் செய்கின்றார். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைக்கின்றார். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அது இருந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகின்றார். மெழுகில் பிழை இருந்தால் வெண்கலத்திலும் அப்பிழை இருக்கும்.

படங்களும் நம் மனத்தில் இவ்வாறே பதிகின்றன. ஓர் ஆவணப்படத்தைப் பார்க்குமுன் அதன் மேலட்டையைத்தான் பார்க்கின்றோம். படம் மறந்த பின்னும் அட்டை நினைவில் நிற்கின்றது. அது சொல்லும் செய்தி எது? அது சரியா? இயற்பியல் மாணவராக நின்று பார்ப்போம்.

புகையே புயலாக

புவி வெப்பமடைதல் குறித்து ஆல் கோர் ஆற்றிய உரையை மையமாகக் கொண்ட ‘ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்’ என்ற படம் 2006-இல் வெளிவந்தது. 2007-இல் ஆஸ்கார் பரிசும் பெற்றது. அதன் விளம்பரப் படத்தில் தொழிற்சாலைப் புகைபோக்கிகள் நிற்கின்றன. அவற்றின் புகை மேலெழுந்து, செயற்கைக்கோள் படத்தில் காணும் புயலைப் போலச் சுருள்கின்றது.

நம் கண் புகைபோக்கியில் தொடங்கி, புகையைத் தொடர்ந்து ஏறி, சுழலில் போய் நிற்கின்றது. காரணம் கீழே, விளைவு மேலே. இரண்டையும் ஒரே கோடு இணைக்கின்றது. எழுத்தறியாதவருக்கும் “இதனால் இது” என்பது நொடியில் புரியும். இதுவே அதன் வெற்றி.

படம் சொல்லாதவை

ஆனால், புகை புயலாக மாறுவதில்லை. நாம் காணும் புகை பெரும்பாலும் கரித்துகளும் நீர்த்திவலையுமே. முதன்மைக் குற்றவாளியான கரியமிலவாயு கண்ணுக்குத் தெரியாது! புவி வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களை அது உட்கவர்ந்து, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றது. 1958-இல் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்காக இருந்த இவ்வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இதனால் மிகும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலில் சேர்கின்றது.

கடல் சூடானால் ஆவியாதல் மிகும். நீராவி குளிர்ந்து மேகமாகும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பமே புயலை இயக்கும் ஆற்றல். 2018 நவம்பர் 16 அன்று நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்த கஜா புயலும் அந்த ஆற்றலால்தான் இயங்கியது. கஜாவைப் புகைபோக்கிகளே உண்டாக்கின என்று சொல்லலாமா? கூடாது. வங்கக் கடலில் புயல்கள் பண்டுதொட்டே உண்டு. கடலின் வெப்பம் கூடினால் வலிமையான புயல்களுக்கு வாய்ப்பு கூடும் என்பதே அறிவியல் கூற்று. இந்த இடைப்படிகளை அட்டையில் வரைய இயலாது. நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அச்சமும் அன்பும்

அச்சுறுத்துவது ஒன்றே வழியன்று. முதுமலையில் எடுக்கப்பட்டு, 2023-இல் ஆஸ்கார் பெற்ற ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ படத்தின் விளம்பரம் யானையையும் மனிதரையும் அருகருகே காட்டி அன்பை எழுப்புகின்றது. இங்கே விடுபடுவது காரணம். குட்டி யானை ரகு ஏன் அநாதையானது? அதன் தாய் மின்சாரம் தாக்கி இறந்தது. அட்டையில் இல்லாத இச்செய்தியே நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டியது.

செய்து பாருங்கள்

1. புவியின் சுழற்சியால் வட அரைக்கோளத்தில் வீசும் காற்று தன் பாதைக்கு வலப்புறம் விலகுகின்றது. எனவே, மேலிருந்து பார்த்தால் நம் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். தென் அரைக்கோளத்தில் முள்ளின் திசையில் சுழலும். புயல் வரைந்த எந்த அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேகப்பட்டையின் வெளிமுனையிலிருந்து மையம்வரை விரலை ஓட்டுங்கள். விரல் சுற்றும் திசையே புயல் சுழலும் திசை. அது எந்த அரைக்கோளத்துப் புயல்?

2. ஆற்றுமணலின் இடைவெளிகளில் நீர் தேங்கி நிற்கும். மணலை அள்ளிவிட்டால் அருகிலுள்ள கிணற்று நீர்மட்டம் என்னவாகும்? இதைப் பற்றிய படத்துக்கு ஒரே கோட்டில் காரணத்தையும் விளைவையும் இணைத்து மேலட்டை வரையுங்கள். பிறகு அது சொல்லாமல் விட்டவற்றைப் பின்னட்டையில் மூன்று வரிகளில் எழுதுங்கள்.

வரைந்ததை ஆசிரியரிடம் காட்டிப் பிழை உண்டா என்று கேளுங்கள். மெழுகாக இருக்கும்போதே திருத்துவது எளிதல்லவா?