காகிதக்கூழை வெளுக்க நொதி: கழிவுநீர்ப் பாசனத்தில் உழவர் அறிய வேண்டியவை

சவுக்கு, தைலமரம், கரும்புச் சக்கை ஆகியவை காகித ஆலைகளின் மூலப்பொருள்கள். ஆலைகளை அடுத்துள்ள சில பகுதிகளில், சுத்திகரித்த கழிவுநீர் வயலுக்குப் பாசனநீராக வருகிறது. ஆகவே ஆலைக்குள் கூழ் எவ்வாறு வெளுக்கப்படுகிறது என்பது உழவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

பழுப்பு நிறம் ஏன்?

மரத்துண்டுகளைக் காஸ்டிக் சோடா, சோடியம் சல்பைடு ஆகியவற்றுடன் வேகவைத்துக் கூழ் தயாரிக்கப்படுகிறது. நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளின் பெரும்பகுதி இதில் கரைந்துவிடும். எஞ்சிய சிறு பகுதியே கூழுக்குப் பழுப்பு நிறம் தருகிறது. அதை அகற்றக் குளோரின் அல்லது குளோரின் டையாக்சைடு பயன்படுத்தப்படுகிறது. குளோரின் லிக்னினோடு சேரும்போது உண்டாகும் கரிமக் குளோரின் பொருள்கள் கழிவுநீரில் கலக்கின்றன. இவற்றுள் டையாக்சின் போன்றவை எளிதில் சிதையாதவை. மீன், கால்நடை ஆகியவற்றின் கொழுப்பில் தங்கும் நஞ்சுகள் இவை.

நொதி செய்யும் வேலை

கூழ் வேகும்போது மரத்திலிருந்து கரையும் சைலான் என்ற பொருளில் ஒரு பகுதி, மீண்டும் நாரின்மேல் படிந்து லிக்னினை மூடிக்கொள்கிறது. சைலனேஸ் என்னும் நொதி இந்தச் சைலானை வெட்டி அகற்றும். நொதி தானே கூழை வெளுப்பதில்லை. மடையைத் திறந்தால் வயலுக்குள் நீர் பாய்வதுபோல, படலம் விலகியதும் வெளுக்கும் மருந்து எளிதில் உட்புகுகிறது. அதனால் குறைந்த மருந்தே போதுமானதாகிறது.

இம்முறையை 1986-ல் பின்லாந்து நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்டனர். குளோரின் தேவை பொதுவாக நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு வரை குறைகிறது. இது மரத்திற்கும் ஆலைக்கும் ஏற்ப மாறுபடும். விதைநேர்த்திக்குப் பயன்படும் டிரைக்கோடெர்மாவின் இனத்தைச் சேர்ந்த பூசணங்களிலிருந்தும், சில பாக்டீரியாக்களிலிருந்தும் இந்நொதி பெறப்படுகிறது. நாரையே அரிக்கும் செல்லுலேஸ் நொதி இதில் கலந்திருக்கக் கூடாது. கலந்தால் காகிதத்தின் வலிமை குன்றும்.

நொதியால் தீராதது

நொதியால் குறைவது குளோரின் நஞ்சே, உப்பு அன்று. கூழ் தயாரிப்பில் சேரும் சோடியம் கழிவுநீரில் இருக்கவே செய்யும். அது மண்ணில் தங்கத் தங்க நிலம் இறுகி, நீர் உட்புகாமல், களராக மாறும்.

உழவர் செய்ய வேண்டியவை

1. பாசனநீரையும் மண்ணையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். நீர் மாதிரியை அதே நீரில் கழுவிய புட்டியில் ஒரு லிட்டர் எடுக்கலாம். கிணற்று நீரானால், மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிட்ட பின் எடுக்க வேண்டும்.

2. நீரின் மின்கடத்தும் திறன் 2.25 டெசிசைமனுக்கு மேல் இருந்தால், உளுந்து, பச்சைப்பயறு போன்ற உப்பைத் தாங்காத பயிர்களைத் தவிர்க்க வேண்டும்.

3. மண்ணின் கார அமிலநிலை 8.5-க்கு மேலும், மாற்றீட்டுச் சோடியம் நூற்றுக்கு 15-க்கு மேலும் இருந்தால் அது களர் நிலம். ஆய்வு முடிவில் பரிந்துரைத்த அளவு ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடித்தல் வேண்டும். பின்னர் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம்.

4. வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் இட்டும் பயனில்லை. வடிகாலை முதலில் அமைக்க வேண்டும்.

கழிவுநீர் தெளிவாகத் தோன்றினாலும் அதிலுள்ள உப்பு கண்ணுக்குத் தெரியாது. நிறத்தைப் பார்த்து மடை திறவாமல், ஆய்வு முடிவைப் பார்த்து மடை திறப்பதே நிலத்தைக் காக்கும் வழியாகும்.