எழுந்து நிற்கும் வலிமை: நடுவயதினருக்கான செயல்சார் தசைப்பயிற்சியும் காப்புறுதி உரிமைகளும்

நாற்பது வயதைக் கடந்தபின் உடலின் தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. அறுபதுக்குப் பின்னர் அக்குறைவு வேகமடைகிறது. தசையின் அளவைவிட அதன் வலிமை விரைவாகக் குன்றுகிறது. அரிசிப் பையுடன் மூன்றாம் மாடிக்கு ஏறுவதும், கோவிலில் தரையில் அமர்ந்து கை ஊன்றாது எழுவதும் கடினமாகும்போதே பலர் இதனை உணர்கின்றனர்.

“நாள் முழுவதும் உணவகச் சமையலறையில் நின்று வேலை செய்பவருக்குப் பயிற்சி எதற்கு?” என்று எம்மவர் பலர் கேட்பதுண்டு. வேலை உடலைக் களைக்கச் செய்கிறது. ஆயினும், ஒரே அசைவை ஆண்டுக்கணக்கில் செய்யும்போது தசைக்குப் புதிய சுமை கிடைப்பதில்லை. பழகிய அளவைவிடச் சற்றுக் கூடுதலான சுமையும், அதன்பின் ஓய்வும் கிடைத்தாலே தசை வலுப்பெறும்.

அன்றாட அசைவுகளையே ஒழுங்கான பயிற்சியாக்குவது செயல்சார் பயிற்சி. வாரத்தில் குறைந்தது இரு நாட்கள் தசைப்பயிற்சி செய்யுமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. 65 வயதைக் கடந்தோர் சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாட்களேனும் செய்தல் வேண்டும். குருதியிலுள்ள குளுக்கோசைப் பெருமளவில் உள்வாங்குவது தசையே ஆதலால், நீரிழிவு உள்ளோருக்கும் இது பயன்தரும்.

காலம் கடந்துவிட்டது என எவரும் எண்ண வேண்டியதில்லை. அமெரிக்காவின் பொஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில், சராசரியாக 90 வயதான பத்துப் பேர் எட்டு வாரத் தசைப்பயிற்சியில் இணைந்தனர். அவர்களது கால் வலிமை சராசரியாக 174 வீதம் கூடியதென 1990 இல் வெளியான ஆய்வு காட்டியது.

வீட்டில் தொடங்குதல்

முதலில் ஓர் எளிய சோதனை. கைகளை மார்பின் குறுக்கே வைத்து, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமருங்கள். 15 செக்கன்களுக்கு மேல் எடுத்தால் அது வலிமைக் குறைவின் அறிகுறியாகலாம்; குடும்ப மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

1. நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து, மெதுவாக அமர்தல்.
2. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, உடலைச் சுவரருகே கொண்டுசென்று பின் தள்ளுதல்.
3. கைப்பிடியைப் பற்றியவாறு ஒரு படியில் ஏறி இறங்குதல்.
4. இரு கைகளிலும் சம எடையுள்ள பைகளைத் தூக்கி, நிமிர்ந்து நடத்தல்.
5. மேசையருகே ஒற்றைக்காலில் நிற்றல்.

முதல் மூன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்யலாம். மூச்சை அடக்கலாகாது. எளிதானபின் சுமையைச் சிறிது கூட்டுங்கள். இதயநோய், உயர் குருதி அழுத்தம், அண்மைய சத்திரசிகிச்சை ஆகியன இருப்பின் முதலில் மருத்துவரை அணுகுங்கள். பயிற்சியின்போது நெஞ்சுவலி ஏற்பட்டால் உடனே நிறுத்தி 112 ஐ அழையுங்கள்.

காப்புறுதி தரும் இரு வழிகள்

முதலாவது, நோய் வருமுன் காக்கும் பயிற்சி வகுப்பு, அதாவது “பிரெவென்ட்சியோன்ஸ்கூர்ஸ்”. சமூகச் சட்டக்கோவை ஐந்தாம் நூலின் 20 ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. மருத்துவரின் பரிந்துரை தேவையில்லை. பொதுவாகக் கட்டணத்தை முதலில் நீங்கள் செலுத்தி, வகுப்பு முடிந்ததும் வருகைச் சான்றிதழைச் சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதி நிறுவனத்திடம் கொடுத்தால் முழுமையாகவோ பகுதியாகவோ திரும்பப் பெறலாம். சேருமுன், அவ்வகுப்பு அங்கீகரிக்கப்பட்டதா எனவும் எவ்வளவு தருவார்கள் எனவும் கேட்டறியுங்கள்.

இரண்டாவது, மருத்துவர் பரிந்துரைக்கும் குழுப் பயிற்சி. இதற்கு ஒன்பதாம் நூலின் 64 ஆம் பிரிவு அடிப்படை. இதில் இரு வகை உண்டு. “ரேஹாஸ்போர்ட்” வழமையாக 18 மாதங்களில் 50 அமர்வுகளைக் கொண்டது. மூட்டுவாதம், மூட்டுத்தேய்வு, எலும்பு நலிவு உள்ளோருக்கான “புங்ட்சியோன்ஸ்ட்ரெய்னிங்” வழமையாக 12 மாதங்கள் நீடிக்கும்; வெந்நீர்த் தடாகப் பயிற்சியும் இதிலடங்கும். மருத்துவர் நிரப்பும் 56 ஆம் இலக்கப் படிவத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் கொடுத்து, முன் ஒப்புதல் தேவையா எனக் கேட்டபின்னரே பயிற்சியைத் தொடங்குங்கள்.

இவ்விரண்டாம் வழியில் நீங்கள் பங்குக் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. பயிற்சி நடத்தும் கழகம் உறுப்புரிமையைப் பரிந்துரைக்கலாம். அதனைக் கட்டாய நிபந்தனையாக்க முடியாது. கருவிகளில் செய்யும் தசைப்பயிற்சி பொதுவாக இதில் அடங்காது. எனவே, உடற்பயிற்சி நிலையம் நீட்டும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் அதன் காலத்தையும் கட்டணத்தையும் முழுமையாகப் படியுங்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். “விடர்ஷ்புருக்” எனப்படும் இதற்குக் கட்டணமில்லை. அக்கடிதத்தில் ஆட்சேப உரிமை பற்றிய அறிவித்தல் இல்லாவிடின் காலக்கெடு ஓராண்டாகும். ஆகவே, கடிதம் கிடைத்த நாளை அதன் உறையிலேயே குறித்து, உறையையும் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள்.